கரும்பச்சைத் தெருவிலிருந்து சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. ஆனால் இம்முறை தங்கள் நலத்தை விசாரிக்க வேண்டிய தேவையே எனக்கு இல்லை. தங்கள் தெருவின் நலம் இன்னதென்று பல்கலைக்கழகமே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டது. கடைசி இடம். எங்கள் தெரு முதலிடம். இந்த ஒரு வரியை எழுதத்தான் இவன் நல்ல தாளாகத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறான் என்று தாங்கள் நினைத்தால், அதில் தவறேதுமில்லை.

தாங்கள் என் மகளிடம் சொல்லியனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. "உங்க அம்மாவுக்கு மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதாமே, இங்க வந்து ஒரு வாரம் தங்கச் சொல்லும்மா, எங்க தெருவுல இல்லாத டாக்டரா, எல்லா டெஸ்டும் எடுத்துட்டுப் போகட்டும்" என்றீர்களாம். தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. அந்த அழைப்பை நான் ஏற்பதற்கில்லை. ஏன் ஏற்பதற்கில்லை என்பதை ஆதாரத்துடன் விளக்குவதே இக்கடிதத்தின் நோக்கம். ஒரே ஊரில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம், போனிலேயே சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் தாங்கள் என்னை ஒரு வாக்கியத்தையாவது முடிக்க விட்டதாக எனக்கு நினைவில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அந்த வசதிக்காகத்தான்.

எங்கள் வீட்டு மாடி ஹாலை ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவுக்கு வாடகைக்கு விட்டிருப்பது தங்களுக்குத் தெரியும். அவர்களுடைய சொந்தக் கட்டடத்தில் கூரை ஒழுகுகிறதாம், சரிசெய்து முடிக்கும்வரை இங்கே. மூன்று பேர். தலைவி ஒரு பேராசிரியை அம்மாள், மெதுவாகப் பேசுவார், கதவைத் திறந்துவிட்டால்கூட நன்றி சொல்வார். அடுத்தவர் புள்ளிவிவரக்காரர். எதைக் கேட்டாலும் "சராசரியா பாத்தா" என்றுதான் பதிலைத் தொடங்குவார் என்பதால் வீட்டில் அவருக்குச் சராசரி என்றே பெயர் வைத்துவிட்டோம். முதல் நாள் டீ குடிப்பீர்களா என்று கேட்டதற்கு, "சராசரியா பாத்தா ஒரு வேளைக்கு ஒன்றரை கப்" என்றார். ஒன்றரையை எப்படிக் கொடுப்பது என்று என் மனைவி யோசித்துப் பெரிய டம்ளரில் கொடுத்தாள். மூன்றாவது, கணினி நிரல் எழுதும் பெண். காதில் எப்போதும் ஹெட்போன். அதனால் அவள் ஹெட்போன். இந்த மூவரும் ஆஸ்பத்திரிப் பதிவுகளையெல்லாம் கணினியில் கொட்டிச் சலித்து, ஒரு தெருக்காரர் எழுபது வயதிலும் காலை நடை போக இன்னொரு தெருக்காரர் ஐம்பதிலேயே ஏன் படுத்துவிடுகிறார், யாருக்கு வைத்தியம் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஆராய்கிறார்கள். உயர்ந்த வேலைதான், சந்தேகமில்லை. அந்தப் பதிவுகளில் யாருடைய பெயரும் இருக்காது, எல்லாரும் வெறும் நம்பர். நான் ஒரு நாள் மேலே போய், என் நம்பர் எது என்று கேட்டேன்.

"தெரியாது சார்" என்றார் சராசரி.

"சரி, என் மனைவியோட நம்பர்?"

"அதுவும் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. சொல்லலாம்னே வச்சுக்குங்க, தேடிப் பாக்கவே கூடாது."

"என் வீட்டு மாடியில உக்காந்துக்கிட்டு என் நம்பரை எனக்கே சொல்ல மாட்டீங்களா?"

"சராசரியா பாத்தா எல்லாரும் இதைத்தான் சார் கேக்கறாங்க."

எனக்கு மனது ஆறவில்லை. தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பிரிவு மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வீட்டில் எந்த மீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் உடம்பின் நம்பர் எனக்குத் தெரியக் கூடாதென்றால் அது என்ன உடம்பு? கீழே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள், "உடம்பு எப்படி இருக்குன்னு தெரியலைங்கற கவலை இல்ல, நம்பர் தெரியலைங்கறதுதான் உங்களுக்குக் கவலை" என்று சொல்லிவிட்டு டீத்தட்டை எடுத்துக்கொண்டு படியேறினாள். நடுப்படியில் வழக்கம்போல நின்றாள். சுவரில் கையூன்றி, தெருவை வேடிக்கை பார்ப்பது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மேலே போனாள். இதைத்தான் என் மகள் தங்களிடம் மூச்சு வாங்குகிறது என்று பெரிதுபடுத்தியிருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மத்தியானம் மாடியில் வாஷ்பேசின் குழாய் சொட்டுகிறதா என்று பார்க்கப் போனேன். பேராசிரியையும் சராசரியும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஹெட்போன் மட்டும் இருந்தாள், ஆனால் அவள் இருக்கும்போது மேளம் அடித்துக்கொண்டு போனாலும் தெரியாது. சுவரில் நம் ஊர் வரைபடம், கதவு அகலத்துக்கு. தெருத் தெருவாக நிறம் போட்டிருந்தார்கள். நலம் அதிகமென்றால் பச்சை, குறையக் குறைய மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. எங்கள் தெரு கரும்பச்சை. ஊரிலேயே எங்களைவிடப் பச்சை வேறெங்கும் கிடையாது. எனக்கு ஒரு நிமிடம் கண்ணே கலங்கிவிட்டது. பிறகு, மனித இயல்புதானே, தங்கள் தெருவைத் தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை சம்பந்தி. நல்ல இரத்தச் சிவப்பு. திருமணம் பேச வந்த அன்று எங்கள் வீட்டு நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்து, "இந்தத் தெருவுல எப்படித்தான் இருக்கீங்களோ" என்று தாங்கள் கேட்டது அந்தக் கணத்தில் என் காதில் விழுந்தது. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். மூலையில் 'வரைவு' என்று ஏதோ சிறியதாக எழுதியிருந்தது. படத்தில் அது விழவில்லை. விழும்படி எடுக்க நான் சிரமப்படவும் இல்லை.

தெரு நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அந்தப் படத்தை உறுப்பினர்களுக்கு அனுப்பினேன். அதன் பிறகு நடந்ததெல்லாம் தானாக நடந்தது. 'நகரின் நலமிகு தெரு' என்று தெருமுனையில் ஒரு பேனர் ஏறியது. யார் கட்டினார்கள் என்று கேட்காதீர்கள், நான்தான் கட்டினேன். எதிர்வீட்டுத் தையல்காரர், பேனரை நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு இருமல் இல்லையா?" என்று கேட்டார். பல வருட இருமல் அது. "ஆராய்ச்சிப்படி இல்லை" என்றேன். அவரும் கொஞ்ச நாள் இருமாமல் இருந்து பார்த்தார். தெருவில் இருமல் வந்தால் கடைக்குள் ஓடிப்போய்த் துணிக்கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமிவிட்டு வருவார். கோடி வீட்டில் கைத்தடி வாத்தியார் இருக்கிறார் அல்லவா, வெளியூர்க்காரர்கள் பேனரைப் பார்க்க வரும் நேரத்தில் அவர் பின்சந்து வழியாகப் போனால் தெருவுக்கு நல்லது என்று சங்கத்தின் சார்பில் பணிவாகக் கேட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை. ஆனாலும் பின்சந்து வழியாகத்தான் போனார். சங்கம் என்றால் ஒரு கட்டுப்பாடு இருக்கிறதே.

அடுத்து, நகரசபை உறுப்பினரை அழைத்து ஒரு கூட்டம். இங்கே ஒரு சிறு விவரம் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவிலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். விடிவதற்குள் போய் வரிசையில் நின்றால் மத்தியானம் டாக்டரைப் பார்க்கலாம், பார்த்தால் அன்றைய கூலி போயிற்று. அதனால் பொதுவாக யாரும் போவதில்லை. ஆகவே ஒரு மருத்துவ வேன் வாரம் ஒரு முறையாவது எங்கள் தெருவுக்கு வர வேண்டும் என்று சங்கம் மனு மேல் மனு போட்டு, எல்லாம் நானே எழுதியவை, கடைசியில் வேன் வருவதாக உத்தரவும் ஆகியிருந்தது. என் மனைவியும், "ரெண்டு பஸ் மாறி யாரு போறது, வேன் வரட்டும், அதுல காட்டிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த நிலையில்தான் நகரசபை உறுப்பினர் மேடையேறி, எங்கள் பேனரை ஒரு தடவை, தன் செல்போனில் இருந்த வரைபடத்தை ஒரு தடவை பார்த்து, மைக்கில் சொன்னார்: "இவ்வளவு ஆரோக்கியமா இருக்கிற தெருவுக்கு வேன் எதுக்குங்க? இதுவே ஒரு பெருமை இல்லையா? நீங்க பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்த அந்த வேனை, நோயாளிங்க அதிகமா இருக்கற தெருவுக்கு அனுப்பிடறேன்." நாங்கள் எப்போது விட்டுக்கொடுத்தோம் என்று யோசிப்பதற்குள் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். முன்வரிசையில் இருந்ததால் நானும் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே. கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி மட்டும் தட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஏன் என்று கேட்டேன். "கை மடியில இருந்தது" என்றாள்.

அந்த வேன் இப்போது எங்கே நிற்கிறது என்பது எங்களைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். சிவப்பிலேயே அடர்த்தியான சிவப்பு எதுவோ அந்தத் தெருவுக்குத்தானே அனுப்புவார்கள். தினமும் தங்கள் வாசற்கேட்டை மறித்துக்கொண்டு நிற்கிறதாம், காரை வெளியே எடுக்க முடியவில்லையாம், ஏறிப் பார்க்க ஒரு ஈ காக்கை இல்லாமல் டாக்டர் அம்மாள் உள்ளே உட்கார்ந்து கொட்டாவி விடுகிறாராம். அதை அப்புறப்படுத்தச் சொல்லித் தாங்கள் நகரசபைக்குப் புகார் கொடுத்திருக்கிறீர்கள் என்றும், சீக்கிரமே எடுத்துவிடுவார்கள் என்றும் என் மகள் சொன்னாள். தங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. கடைசி இடத்துக்கு வந்தால் இதெல்லாம் சகஜம்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஆராய்ச்சிக் குழுவின் காதுக்கு விஷயம் எட்டியது. ஹெட்போன் ஒரு நாள் தப்பித்தவறிக் காதைத் திறந்துகொண்டு தெருவில் நடந்து வந்திருக்கிறாள், பேனரைப் பார்த்திருக்கிறாள். மூன்று பேரும் படியிறங்கி வந்தார்கள். பேராசிரியை அம்மாள் அன்று நன்றி சொல்லவில்லை.

"ஐயா, அது வரைவு. நாங்க இன்னும் சரிபார்க்கவே இல்ல. யாருக்கும் காட்டவே இல்ல."

"சுவத்துல மாட்டியிருந்தீங்களே?"

"தப்பு எங்க இருக்குன்னு நாங்க கண்டுபிடிக்கறதுக்காக மாட்டினது."

"கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சோம். உங்க தெருதான் தப்பு."

ஒரு தெருவைப் பார்த்துத் தப்பு என்று சொன்னால் அதன் சங்கச் செயலாளருக்கு எப்படி இருக்கும், தாங்களே சொல்லுங்கள். நாற்காலியைக்கூட நான் காட்டவில்லை. சராசரி விளக்கம் சொல்ல வந்து, "சராசரியா பாத்தா" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஹெட்போன்தான் பேசினாள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு நோய் இன்னதென்று பதிவு இருக்குமாம். போகாதவர்களுக்கு அந்த இடம் காலியாக இருக்குமாம். காலியாக இருந்ததையெல்லாம் இவள் எழுதிய நிரல் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டதாம். பூஜ்யம் என்றால் நோய் இல்லை. எங்கள் தெருவில் யாருமே ஆஸ்பத்திரிப் பக்கம் போகாததால் தெரு முழுக்கப் பூஜ்யமாம், அதனால் பச்சையாம். தங்கள் தெருவிலோ ஒரு தும்மலுக்கு மூன்று டாக்டர், நான்கு டெஸ்ட், அத்தனையும் பதிவு. அதனால் சிவப்பாம். "என் தப்புதான் அங்கிள்" என்று நேராகச் சொன்னாள். அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர்கள் இப்படிப் பொசுக்கென்று தப்பை ஒத்துக்கொண்டால் எதிரே நிற்பவன் என்னதான் செய்வது? எனக்கு அது பிடிக்கவில்லை.

"இதுல என்னம்மா தப்பு?" என்றேன். "எங்க ஆபீஸ்ல மீட்டர் ஓடலைன்னா தண்ணி செலவாகலைன்னுதான் எழுதுவோம். பூஜ்யம்னா பூஜ்யம்தான்."

அவள், "மீட்டரே இல்லாத வீடுன்னா என்ன எழுதுவீங்க அங்கிள்?" என்று கேட்டாள்.

சம்பந்தி, மீட்டர் இல்லாத வீடுகள் எங்களிடம் ஏராளம் இருந்தன. அங்கே குழாயும் இல்லை. அந்த வீட்டுப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கோ அலைந்தார்கள். பதிவேட்டில் அவர்களுக்கு நேராக என்ன எழுதுவோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் எழுத மாட்டோம். அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். இதை அவளிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்பதால் சொல்லவில்லை. "அது வேற, இது வேற" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. இரண்டு மூன்று நாளில் புது வரைபடம் சுவரில் ஏறியது. நான் குழாயைப் பார்க்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். தங்கள் தெரு சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்திருந்தது, வாழ்த்துகள். எங்கள் தெரு சாம்பல். சாம்பல் என்றால் என்ன என்று கேட்டதற்குத் 'தெரியாது' என்று அர்த்தம் என்றார் சராசரி. முதலிடத்திலிருந்து கடைசி இடத்துக்குத் தள்ளியிருந்தால்கூட மானத்தோடு இருந்திருப்பேன். வரிசையிலேயே இல்லையாம்! பேராசிரியை அம்மாள் நகரசபை உறுப்பினருக்கு நேரில் போய் விளக்கியிருக்கிறார். அவரோ, பேனர் ஏறியாயிற்று, கூட்டமும் நடந்தாயிற்று, வேனைத் திருப்ப வேண்டுமென்றால் தெருக்காரர்கள் நோயாளிகள் என்பதற்கு ஆதாரம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். ஆதாரம் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாததால்தான் வேன் கேட்டோம். இந்த வட்டத்தைச் சராசரி பலகையில் வரைந்தே காட்டினார், அழகாகத்தான் இருந்தது.

கடைசியில் அவர்கள் வீடு வீடாகப் போய் நேரில் கேட்டு எழுதுவது என்று முடிவு செய்து, செயலாளர் என்ற முறையில் என்னைக் கூட வந்து அறிமுகம் செய்து வைக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். பேனர் கட்டிய கையாலேயே போய்க் கதவைத் தட்டி, உனக்கு என்ன நோய் என்று கேட்க என்னால் ஆகாது. அப்போது டீத்தட்டோடு மேலே வந்து நின்ற என் மனைவி, பேசுவதற்குக் கொஞ்சம் அவகாசம் எடுத்துக்கொண்டு, "நான் வரேன் வாங்க" என்றாள். போனாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தையல்காரர் அவள் முன்னால் ஆசை தீர இருமிக் காட்டினாராம். கைத்தடி வாத்தியார் முழங்காலைத் திறந்து காட்டி அரைமணி நேரம் பேசினாராம். ஒரு வீட்டில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க விடுவதில்லை, அவ்வளவு நாளும் வாயைக் கட்டி வைத்திருந்தவர்கள் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். இத்தனையும் செயலாளரான எனக்குத் தெரியாமல் என் தெருவில் இருந்திருக்கிறது. திரும்பி வந்து படியில் உட்கார்ந்துகொண்டு அவளே சொன்னாள்.

நான் வாசலுக்குப் போன பிறகு ஹெட்போன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லார் வீட்டுலயும் கேட்டாச்சு. உங்களுக்கு என்ன ஆன்ட்டி, அதையும் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்று கேட்டது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"நடுப்படியில நிக்கறீங்களே, தினமும் பாக்கறேன்."

"அது வேன் வந்ததும் காட்டிக்கலாம்னு இருந்தேன். அவருக்குப் பேனர்ல ஒரு சந்தோஷம். அவர் சந்தோஷப்பட்டு நான் பாத்து ரொம்ப நாளாச்சு. போகட்டும், விடு."

இதை நான் கேட்டேன் என்பதற்காக மட்டுமே இங்கே பதிவு செய்கிறேன். இதிலிருந்து தாங்கள் எதையும் முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

ஆக, விஷயத்தின் சாரம் இதுதான். ஒரு வரைபடம் பச்சை என்கிறது, இன்னொன்று தெரியாது என்கிறது. இரண்டில் எதுவும் என் மனைவிக்கு நோய் இருப்பதாகச் சொல்லவில்லை. சொல்லாதவரை இல்லை என்றுதான் பொருள். நாற்பது வருட உத்தியோக அனுபவத்தில் சொல்கிறேன். ஆகவே அவள் தங்கள் தெருவுக்கு வந்து ஒரு வாரம் தங்கிப் பச்சைத் தெருக்காரர்களின் பரிதாபப் பார்வைக்கு ஆளாக வேண்டிய அவசியம் ஏதுமில்லை. எங்கள் வீட்டில் காற்று இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, துடைக்காமல் உட்காரக்கூடிய நாற்காலியும் இருக்கிறது. அழைப்பை மரியாதையுடன் மறுக்கிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள், இருவரும் எந்தக் குறையுமின்றி நீடூழி வாழட்டும். தங்களுக்கு வேனால் ஏற்பட்டுள்ள இடைஞ்சல் விரைவில் நீங்கப் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்புள்ள சம்பந்தி,
செயலாளர், தெரு நலச் சங்கம் (நகரின் நலமிகு தெரு)

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் டம்ளர்கள் உருளுகிற சத்தம் கேட்டது. நடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்றேன், எழுந்திருக்கவில்லை. முகம் என்னவோ மாதிரி இருந்தது, உதடு நிறமே இல்லை. மேலேயிருந்து மூன்று பேரும் ஓடி வந்தார்கள். சராசரியும் நானுமாகத் தூக்கிக் கீழே கொண்டு வந்து படுக்க வைத்தோம். எவ்வளவு மோசம் என்று சராசரியைக் கேட்டேன். சராசரி என்று அவர் ஆரம்பிக்கவே இல்லை. "தெரியல சார், உடனே டாக்டர்கிட்ட போகணும்" என்றார். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "என்னங்க, அந்த வேன் இப்ப யார் வீட்டு வாசல்ல நிக்குது?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

தங்களுக்குப் போன் செய்தேன். தாங்கள் எடுத்தீர்கள். முதல்முறையாகக் குறுக்கே பேசாமல், "சொல்லுங்க சம்பந்தி, சொல்லுங்க" என்று காத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குத்தான் வாயில் வார்த்தை வரவில்லை, வைத்துவிட்டேன். அதனால்தான் ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். கொண்டு வருபவள் ஹெட்போன். ஸ்கூட்டரில் எங்களுக்கு முன்னால் வருகிறாள். பேராசிரியை அம்மாளின் காரில் நாங்கள் பின்னாலேயே வருகிறோம். இரண்டு பஸ் தூரத்து ஆஸ்பத்திரியைவிடத் தங்கள் வீடுதான் கிட்டம். மேலே எழுதியதைப் படிக்காமல் இதை மட்டும் படியுங்கள். படித்துவிட்டிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

வேனைப் பற்றித் தாங்கள் கொடுத்த புகாரை இன்று ஒரு நாள் வாபஸ் வாங்குங்கள். யார் வந்து எடுக்கச் சொன்னாலும் கேட்டைவிட்டு நகரவிடாதீர்கள், டாக்டர் அம்மாள் எழுந்து போய்விடாமல் பிடித்து உட்கார வையுங்கள். தாங்கள் பேச ஆரம்பித்தால் யாராலும் எழுந்து போக முடியாது, எனக்குத் தெரியும். நாற்காலி ஒன்றை வாசலிலேயே போட்டு வையுங்கள், துடைக்க வேண்டாம். பேனரைப் போகிற வழியில் நானே அவிழ்த்துவிடுகிறேன்.

இன்னொன்று. வேனில் பெயர், வயது, முகவரி கேட்டு எழுதுவார்களாம். அவசரத்தில் தங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் தெருவை எழுதச் சொல்லுங்கள். அவளுடைய நோய் என்னவோ அது எங்கள் தெருக் கணக்கில் ஏறட்டும், அதன் பிறகு வரைபடத்தில் நாங்கள் என்ன நிறமானாலும் பரவாயில்லை. மாடிக்கு அது வெறும் நம்பராகத்தான் வந்து சேரும். எது என்று நான் கேட்க மாட்டேன்.